குளிக்கத் தடை, படிக்கத் தடையில்லை

எங்கள் வீட்டுக் கணக்குப்படி ஒரு பையன் உருப்படாமல் போக அந்தக் காலத்தில் மூன்று வழிகள் இருந்தன: சீட்டாட்டம், சினிமா, கதைப்புத்தகம். முதல் இரண்டுக்கும் காசு வேண்டும். ஆகவே நான் மூன்றாவது வழியில் போனேன்.

கெட்டுப்போவதற்குத் தோதான இடம், தாமிரபரணிக் கரையில் இருந்த ஆச்சி வீடு. மச்சில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் கல்கி இதழிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த 'பொன்னியின் செல்வன்', மணியத்தின் படங்களோடு இருந்தது. 1950-இல் தொடங்கி 1954 வரை வந்த தொடர். வந்தியத்தேவன் உயிர் ஊசலாடும் கட்டத்தில் பக்கத்தைத் திருப்பினால் கூந்தல் தைல விளம்பரம் வரும். ஐந்து பாகங்களில் மூன்றாவதான 'கொலை வாள்' ஏதோ ஒரு சித்தி வீட்டுக்குப் போனது, திரும்பவே இல்லை. 'சுழற்காற்று' முடிந்த கையோடு 'மணிமகுடம்' தொடங்கிவிடும். நடுவில் நடந்ததை நானே இட்டுக்கட்டிக்கொண்டேன். பிற்பாடு முழு நாவலையும் படித்தபோது, என் மூன்றாம் பாகத்தில்தான் சண்டைகள் அதிகம் என்று தெரிந்தது.

அப்பா கண்ணில் பட்டால் விசாரணை உண்டு.

"என்னலே, பாடப்புத்தகமா கதைப்புத்தகமா?"

கோடை லீவில் ஏது பாடப்புத்தகம் என்று கேட்கிற தைரியம் எவனுக்கு இருந்தது?

"கதை படிச்சு எவம்லே கலெக்டர் ஆனான்?" என்பது தீர்ப்பு. புத்தகம் பறிமுதல். அதனால் வைக்கோல் படப்புக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். பள்ளி திறந்த பிறகு முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி பூகோளப் புத்தகத்துக்குள் கச்சிதமாக அடங்கினார். எங்கள் ஊரில் பூகோளத்தை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்த மாணவன் வேறு எவனும் இருந்திருக்க மாட்டான்.

இன்று நான் உருப்பட்டவன். ஜனவரி தோறும் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய் இரண்டு கையிலும் பை நிறைய வாங்கி வருகிறேன். கூடத்தில் கண்ணாடி போட்ட அலமாரி. தத்துவம், வரலாறு, தலையணை கனத்தில் ரஷ்ய மொழிபெயர்ப்புகள். வருகிறவர்கள் "நல்ல பழக்கம் சார்" என்கிறார்கள். பாராட்டு வாங்கிக்கொண்டதும் அலமாரியைப் பூட்டிவிட்டுப் போனை எடுத்துக்கொள்கிறேன். வீட்டு வரியோடு நூலக வரியையும் தவறாமல் கட்டுகிறேன். அந்தப் பணத்தில் நடக்கும் கிளை நூலகம் எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறதாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் அப்பாவிடம்தான். என் மகனைப் பார்த்து, "போன நோண்டாதலே, ஏதாவது கதைப்புத்தகம் எடுத்துப் படி" என்கிறார். கலெக்டர் விஷயத்தில் அவர் எப்போது மனம் மாறினார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

போன ஆடியில் குடும்பத்தோடு குற்றாலம் போனோம். சாரல் என்று நம்பிப் போனால், மலையில் கனமழை. பேரருவியில் வெள்ளம், ஐந்தருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த கூட்டம் அப்படியே திரும்பி பஜ்ஜிக் கடைக்குப் போயிற்று. லாட்ஜ் அறையில் ஈரத் துண்டுகளோடு நாங்களும் அடைந்துகிடந்தோம். ஓய்வில் அறிவை வளர்த்துக்கொள்வதற்காக நான் கொண்டுபோயிருந்த தத்துவ நூல், ஜன்னல் கதவு காற்றில் அடிக்காமல் முட்டுக்கொடுக்க உதவியது.

நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கப் பெட்டிக்கடைக்குப் போனேன். மழையில் ஜிபே வேலை செய்யவில்லை. கடைக்காரரிடம் சில்லறையும் இல்லை. "இதை வச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்று கிளிப்பில் தொங்கிய ராஜேஷ்குமாரின் மாத நாவல் ஒன்றை உருவிக் கொடுத்தார். 1500 நாவல்களுக்கு மேல் எழுதியவர், மிச்சச் சில்லறையாக என்னிடம் வந்து சேர்ந்தார்.

இரண்டாம் பக்கத்தில் பிணம் விழுந்தது. அதற்குப் பிறகு மழை பெய்ததா, விட்டதா தெரியாது. டீ ஆறிப்போனது. சாப்பிடக் கூப்பிட்ட மனைவியிடம், "இந்த அத்தியாயம் முடியட்டும்" என்று சொன்னது என் வாய்தான். அந்த வாக்கியத்தை நான் சொல்லி எத்தனையோ வருஷம் ஆயிற்று. அவள் வந்து அட்டையைப் பார்த்தாள்.

"இந்த வயசுல இதெல்லாமா படிப்பீங்க?"

அப்போதுதான் காரணம் விளங்கியது. இத்தனை வருஷமாக என் வாசிப்பில் குறைந்திருந்த சரக்கு இந்தத் திட்டுதான். பயனுக்காகவும் பெருமைக்காகவும் படித்தபோது இருபது பக்கம் தாண்டாத கண்கள், ஒரு பிரயோஜனமும் இல்லாத புத்தகத்தில் மதியம் முழுக்க ஓடின. ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊர் குற்றாலம். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்து, சாரலில் உட்கார்ந்து கம்பனை அனுபவித்தார்கள். பிடித்த பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்ந்த மனிதர் அவர். அந்தச் சபையில் துப்பறியும் நாவலுக்கு நாற்காலி கிடைத்திருக்காதுதான். ஆனாலும் எதற்குப் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர் வைத்திருந்த விடை எனக்கும் சௌகரியமாக இருந்தது: ருசிக்காக.

மறுநாள் தடை நீங்கியது. எல்லோரும் துண்டோடு ஓடினார்கள். கொலைகாரன் யார் என்று தெரிய நாலு பக்கம் பாக்கியிருந்ததால், நான் பின்னால் வருவதாகச் சொல்லி அனுப்பினேன். ஊர் திரும்பியதும் தத்துவங்களை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டு, 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் வாங்கினேன். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டதால் அது இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. இந்த முறை மூன்றாம் பாகம் தொலையவில்லை.

பிள்ளைகள் படிப்பதில்லை என்று கவலைப்படும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வாசிப்பின் நன்மைகளைப் பற்றி அவர்களிடம் வாயே திறக்காதீர்கள். அடுத்த லீவுக்குப் போகும்போது, ஒன்றுக்கும் உதவாத ஒரு நல்ல கதைப்புத்தகத்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதை அவர்கள் எடுத்தால் கண்டிப்பாகத் திட்டுங்கள்.