மாப்பிள்ளை வாங்குன வண்டிவீடு

மாப்பிள்ளை, முதல்ல அந்த சிலிகான் ட்யூபைக் கீழ வைங்க. கோவிச்சுக்காதீங்க. பொண்ணைக் குடுத்தவன் சொல்றேன், கேட்டாலும் சரி, கேக்காட்டியும் சரி. ஆறு மாச விசாவுல மிச்சிகன் வந்திருக்கேன், எனக்கும் பொழுது போகணும்ல.

பாதி விலைக்கு ட்ராவல் ட்ரெய்லர் கெடச்சுதுன்னு மீசையை முறுக்குனீங்க. வித்த வெள்ளைக்காரரும் தங்கமான மனுசன்தான், மழை இல்லாத நாளாப் பார்த்துக் கூப்பிட்டாரு. நீங்களும் டி.வி. ஓடுதா, ஃப்ரிட்ஜ் குளிருதான்னு பார்த்தீங்க. மூலையில குத்தவச்சுப் பார்க்கல. நான் பார்த்தேன். சுவத்துக்கும் தரைக்கும் நடுவுல என் சுண்டுவிரல் போகுது, அது வழியா வெளிய புல்லு தெரியுது. காத்தோட்டமா இருக்குப்பாங்குறா எம் மவ. புருசனை விட்டுக்குடுக்காத பிள்ளை.

அந்த இடுக்கை சிலிகான் ஊத்தி அடைச்சா உங்க கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். உள்ள போன தண்ணி உள்ளயே கெடக்கும். நாளைக்குப் புத்தி வந்து நல்ல பசை போடலாம்னாலும், காஞ்ச சிலிகான் மேல ஒண்ணும் ஒட்டாது. இன்னொரு சிலிகானே ஒட்டாது.

சுவத்து மேல கோவப்படாதீங்க. அதுக்கு நிக்க இடமில்ல, அதான் நகருது. வெளிய நெளி அலுமினியத் தகடு, உள்ள மரச்சட்டம். ரெண்டுக்கு ரெண்டு கட்டைன்னு கடையில எழுதிப் போட்டிருக்கான், டேப்பு வச்சா ஒன்றரை இஞ்சுதான் இருக்கு. கேட்டா இந்த நாட்டுல அதுதான் முறையாம். அந்தச் சட்டமெல்லாம் அடிக்கட்டையில நிக்குது, அடிக்கட்டை ப்ளைவுட் தரையோட ஓரத்துல உக்காந்திருக்கு. தண்ணி நுழையுறது உச்சியில: கூரை ஓரம், மூலைப்பட்டி, அந்தச் சின்ன ஆரஞ்சு விளக்கு. அங்க நுழைஞ்சு சுவத்துக்குள்ளயே இறங்கி அடிக்கட்டையில வந்து தங்கிருது. இந்த ஊர்க் குளிர்ல இடுக்குல நிக்கிற தண்ணி உறைஞ்சு உப்பும், இடுக்கு இன்னும் வாயைத் திறக்கும். நேத்து நீங்க ஆபீஸ் மீட்டிங்ல இருந்தப்போ ஸ்க்ரூ டிரைவரை வச்சுக் குத்துனேன். கைப்பிடி வரைக்கும் போச்சு. இழுத்தா மரம் புட்டு மாதிரி உதிருது. நீங்க என்னடான்னா நாலிஞ்சு ஸ்க்ரூ ஒரு டப்பா வாங்கி வச்சிருக்கீங்க. புட்டுல எங்க முடுக்கப் போறீங்க?

மனசு விட்டுராதீங்க, பெரிய இடத்துலயும் இது உண்டு. பழைய ஏர்ஸ்ட்ரீம் வண்டிகள்ல பின்பக்கத் தரை இத்துப்போயி, கூடு சேஸை விட்டுக் கழண்டுக்கிடும். பின் பம்பர்ல ஏறி அமுக்கிப் பார்ப்பாங்க. பம்பர் மட்டும் இறங்கி, கூடு அசையாம நின்னா ரெண்டுக்கும் உறவு முடிஞ்சுதுன்னு அர்த்தம். நம்ம வண்டியில நீங்க ஏற வேண்டாம். உங்க எடைக்குப் பம்பரே வந்துரும்.

அடுத்த மாசம் மேக்கினா பாலம் வேற போகணும்ங்குறீங்க. 1957ல திறந்தது, எட்டு கிலோமீட்டர் நீளம், அந்தப் பக்கம் ஒரு ஏரி, இந்தப் பக்கம் ஒரு ஏரி. காத்து பலமானா உசரமான வண்டிக்குத் தொணை வண்டி போட்டுக் கூட்டிட்டுப் போவாங்களாம். நம்ம வண்டியில தரை அக்கரை சேர்ந்துரும், சுவரு ஏரி பார்க்க நின்னுக்கிடும்.

போகணும்னா வேலையைப் பார்ப்போம். கேஸை மூடுங்க, பேட்டரியைக் கழட்டுங்க, சுவத்துக்குள்ள வயர் ஓடுது. மூலையில தொங்குற நாலு காலை நம்பித் தூக்காதீங்க, அது ஆடாம நிறுத்தத்தான், தூக்க இல்ல. சேஸுக்கு அடியில ஸ்டாண்டு வைங்க. மூலைப்பட்டியை உருவுனா தகடு விட்டுக்குடுக்கும். உள்ள சட்டத்துல ஒரு பலகையைக் குறுக்க அடிச்சு, அதுக்கடியில கட்டையும் ஜாக்கியும் வச்சு சுவத்தைச் சன்னமாத் தூக்குங்க. சன்னமான்னா சன்னமா, மாப்பிள்ளை. ஆபீஸ்ல டெட்லைன் மாதிரி முடுக்கக் கூடாது, ஜன்னல் பிதுங்கிரும். இத்ததை அறுக்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம், நல்ல மரம் வர்ற வரைக்கும் அறுங்க. கறுப்புப் பூசணம் இருக்கு, மூக்கைக் கட்டிக்கோங்க. புதுக்கட்டையைப் பழசுக்குப் பக்கத்துல ஒரு அடியாச்சும் ஒட்டி ஓடவிட்டு முடுக்கணும். தரை ஓரத்தையும் மாத்திட்டு, வெளிய தள்ளுன சுவத்தை லாரிக்காரங்க லோடு கட்டுற ராட்செட் பட்டை போட்டு உள்ள இழுங்க. அப்புறம் அடிக்கட்டையில இருந்து தரைச்சட்டம் வரைக்கும் போல்ட், அகல வாஷரோட.

பசை கடைசியிலதான். மூலைப்பட்டிக்கு அடியில பியூட்டைல் டேப்பு, அது காஞ்சு கல்லாப் போகாது. கூரைக்கு அதுக்குன்னு விக்கிற பசை.

ஒழுகுதான்னு பார்க்க மழைக்குக் காத்துக் கெடக்க வேண்டாம். ஜன்னல் கதவெல்லாம் அடைச்சுட்டு, இலை ஊதுற மெஷினைக் கூரை வென்ட்டுல பொருத்தி உள்ள காத்தை அடிங்க. நான் வெளிய சோப்புத் தண்ணி தடவிக்கிட்டே வர்றேன். குமிழி வந்த இடமெல்லாம் ஓட்டை. பக்கத்து வீட்டுக்காரரு எட்டிப் பார்த்து என்ன நடக்குதுன்னு கேட்டா, மாமனாரு ஊர் வழக்கப்படி வண்டிக்குத் தலைக்கு ஊத்துறாருன்னு சொல்லிருங்க.