ஞாயிறு சாயங்காலக் கணக்கு

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சைதாப்பேட்டைப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களுடையவை. படிக்கும்போதே ஏதாவது தொடங்க வேண்டும் என்ற துடிப்பு எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கம் முழுக்க அவர்களுக்கே.

கே: ஐந்து வருடத் திட்டம் எழுதி வைத்திருக்கிறேன். முதல் வருடத்திலேயே நின்றுவிட்டது. ஏன்?
(பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவர், ஜோன்ஸ் ரோடு)

ப: நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். சொந்தக் கம்பெனி, ஐம்பது பேருக்கு வேலை, சொந்த ஆபீஸ் என்று மூன்று கலர் பேனாவில் எழுதியிருக்கிறீர்கள். வருகிற செவ்வாய்க்கிழமை என்ன செய்யப் போகிறீர்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. காலேஜ், பஸ், சாப்பாடு, தூக்கம், வீட்டு வேலை எல்லாம் போக ஒரு வாரத்தில் உங்களுக்கென்று எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்று முதலில் எண்ணுங்கள். பத்து மணி நேரம் தேறினாலே பெரிது. அந்தப் பத்து மணி நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள், அதுதான் திட்டம். ஐந்து வருடக் கனவு தாளின் பின்பக்கத்தில் பத்திரமாக இருக்கட்டும்.

கே: மோட்டிவேஷன் வீடியோ தினமும் இரண்டு மணி நேரம் பார்க்கிறேன். பலன் உண்டா?
(டிப்ளமா மாணவர், சின்னமலை)

ப: வாரத்துக்குப் பதினான்கு மணி நேரம். மேலே ஜோன்ஸ் ரோடு தம்பி தேடிக்கொண்டிருக்கும் பத்து மணி நேரம் உங்களிடம்தான் இருக்கிறது.

கே: இலக்கை முதலிலேயே முடிவு செய்யாதவன் உருப்பட மாட்டான் என்கிறார் என் மாமா. உண்மையா?
(பி.எஸ்சி. முதல் ஆண்டு மாணவி, மேற்கு சைதாப்பேட்டை)

ப: மாமாவை நம்ம ஊர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வாசல் வரை அழைத்துப் போங்கள். 1910ல் எல்.டி. பயிற்சிக்காக அங்கே வந்து படித்தவர் ராதாகிருஷ்ணன். அவர் தத்துவப் பாடம் எடுத்த கதை தெரியுமா? அந்தப் பாடத்தை முடித்த உறவுக்காரப் பையன் ஒருவர் தன் புத்தகங்களைக் கொடுத்தார். வசதி குறைந்த குடும்பம், புத்தகச் செலவு மிச்சம் என்று அதையே எடுத்துக்கொண்டார். சைதாப்பேட்டையில் சக மாணவர்களுக்கு உளவியல் பற்றி அவர் நடத்திய பாடங்கள் 1912ல் ஒரு சிறு நூலாக வந்தன. குடியரசுத் தலைவர் ஆனது 1962ல். அப்படி ஒரு இலக்கை அந்த வாசலில் யாரும் எழுதி வைத்திருக்க முடியாது. கைக்கு வந்த புத்தகத்தை அவர் முழுசாகப் படித்தார். முதல் ஆண்டில் உங்களுக்கும் அவ்வளவு போதும்.

கே: அம்மா சுடும் முறுக்கை ஹாஸ்டலில் விற்கிறேன். பாக்கெட் 40 ரூபாய். வாரம் 60 பாக்கெட் போடுகிறோம். லாபம் 960 ரூபாய் வர வேண்டும், ஆனால் கையில் காசே நிற்பதில்லை. அடுத்த மாதம் 100 பாக்கெட் என்று இலக்கு வைக்கலாமா?
(பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவி, பஜார் ரோடு)

ப: இப்போதைக்கு வேண்டாம், தங்கச்சி. நீங்கள் எழுதிய எண்களையே வைத்துக் கணக்குப் போட்டேன். மாவு, உளுந்து, எண்ணெய், கவர் எல்லாம் சேர்த்து பாக்கெட்டுக்கு 24 ரூபாய். 60 பாக்கெட்டுக்கு 1,440. இதில் நாலு பாக்கெட் நொறுங்கி விற்காமல் போகிறது. மீதி 56ல் ஏழு பாக்கெட் தோழிகளுக்குக் கடன், "அப்புறம் தர்றேன்" கணக்கு. ஆக, கைக்கு வருவது 49 பாக்கெட் காசு, 1,960 ரூபாய். பொருள் செலவு போக 520. அதில் கேஸுக்கு 150, இரண்டு தடவை ஆட்டோவுக்கு 160. நிற்பது 210 ரூபாய்.

அம்மா அடுப்படியில் நின்றது ஆறு மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். மணிக்கு 35 ரூபாய் ஆகிறது. அந்த வேலைக்கு உங்கள் நோட்டில் இடமே இல்லை என்பதுதான் இந்தக் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தப்படுத்தியது. நூறு பாக்கெட் போட்டால் வளர்வது அம்மாவின் முதுகு வலிதான்.

அடுத்த நாலு வாரத்துக்கு இப்படி வையுங்கள்: கடன் கிடையாது, ஆட்டோ ஒரே தடவை. இந்த இரண்டிலேயே 210 ரூபாய் 570 ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வரவு செலவு எழுதுங்கள். அம்மாவின் கூலியை முதல் வரியில், செலவாக எழுதுங்கள். அதைக் கொடுத்த பிறகு என்ன மிஞ்சுகிறதோ அதுதான் லாபம். விலையை ஏற்றுவதா, அளவைக் கூட்டுவதா என்பதை ஐந்தாவது ஞாயிறு பேசலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வியாபாரிகளுக்கான பதிவையும் இதற்குள் முடித்துவிடுங்கள்.

கே: அப்பா ஐ.ஏ.எஸ். எழுதச் சொல்கிறார். எனக்குக் கடை வைக்க ஆசை.
(பி.ஏ. மூன்றாம் ஆண்டு மாணவர், சி.ஐ.டி. நகர்)

ப: சைதை துரைசாமியின் மனிதநேயம் இலவசப் பயிற்சி மையம் இருக்கும் பேட்டையில் இருந்துகொண்டு அப்பா வேறு என்ன சொல்வார்! அவர் ஆசையில் தப்பில்லை. பொதுப் பிரிவினருக்கு 32 வயது வரை ஆறு முறை எழுதலாம், பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது வரை ஒன்பது முறை. இவ்வளவு இடம் இருப்பதுதான் ஆபத்து. இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை என்றே இளமை போய்விடும். இரண்டு முறை முழு மனதோடு எழுதுகிறேன், அதற்குப் பிறகு கடை என்று அப்பாவிடம் பேசுங்கள். அந்த வருடத்தையும் மாதத்தையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நடுவில் சனிக்கிழமைகளில் தெரிந்தவர் கடையில் நில்லுங்கள். சரக்கு வாங்குவதைக் கல்லாப் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும்.

கே: பட்டம் முடித்ததும் தொழில் தொடங்க அரசு உதவி உண்டா?
(பி.இ. மாணவர், சைதாப்பேட்டை)

ப: உண்டு. தமிழக அரசின் 'நீட்ஸ்' திட்டம் 2012 முதல் நடக்கிறது. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது, 25 சதவீத மூலதன மானியம் உண்டு. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். சைதாப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் கிண்டி. அங்கே தொழிற்பேட்டையில் இருக்கும் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்துக்கு ஒருநாள் நேரில் போய் இன்றைய விதிகளைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

கே: ஒரே அறை வீடு. ஐந்து பேர். எங்கே உட்கார்ந்து திட்டம் போடுவது?
(பி.எஸ்சி. மாணவி, ஆற்றங்கரையோரம்)

ப: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. விளக்கு, விசிறி, அமைதி எல்லாம் இலவசம். அது உங்கள் வரிப்பணத்தில் கட்டியது, கூச்சப்படாமல் போங்கள்.

கே: போட்ட தேதியில் எதுவும் நடப்பதில்லை. மனசு விட்டுப்போகிறது.
(எம்.எஸ்சி. மாணவர், ஜீனிஸ் ரோடு)

ப: சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் 2024ல் தன் முதல் ராக்கெட்டை ஏவ முயன்றபோது நாலு முறை தள்ளிப்போட வேண்டி வந்தது. ஒவ்வொரு முறையும் எது தடுத்தது என்று பார்த்தார்கள், சரி செய்தார்கள், புதுத் தேதி குறித்தார்கள். மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் அது பறந்தது. உங்கள் நோட்டிலும் தவறிய தேதிக்குப் பக்கத்தில் காரணம் ஒன்றும் புதுத் தேதி ஒன்றும் இருக்கட்டும்.

இன்னொன்று. நவம்பர், டிசம்பரில் செமஸ்டரும் மழையும் சேர்ந்தே வரும். 2015 டிசம்பரில் அடையாறு சைதாப்பேட்டை வீடுகளுக்குள் புகுந்ததும் பரீட்சைகள் தள்ளிப்போனதும் உங்கள் வீட்டில் யாருக்கும் மறந்திருக்காது. அந்த இரண்டு மாதத்தில் புது வேலை எதையும் தொடங்க வேண்டாம்.

கே: தை பிறக்கட்டும் என்று காத்திருக்கிறேன். சரிதானே?
(பி.காம். முதல் ஆண்டு மாணவர், பஜார் ரோடு)

ப: தை பிறக்கும்போது கையில் சில வாரக் கணக்கு இருக்கட்டும். இந்த ஞாயிறு சாயங்காலமே ஒரு பக்கம் எழுதுங்கள்: போன வாரம் என்ன செய்தேன், எங்கே நேரம் போனது, வரும் வாரம் எந்த வேலை, எந்தக் கிழமை. அடுத்த முறை எனக்குக் கடிதம் போடும் எல்லாரும் அந்த ஒரு பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். முறுக்குத் தங்கச்சி, உங்கள் நாலு வாரக் கணக்குக்காகவும் காத்திருக்கிறேன். அம்மாவின் கூலி முதல் வரியில் இருக்க வேண்டும்.