பதவி போன பிறகு பாருங்கள்

கேள்வி: ஓட்டு கேட்டு வருகிறவர்கள் டீ ஆற்றுகிறார்கள், புரோட்டா போடுகிறார்கள், நாற்று நடுகிறார்கள். எளிமை நிஜமா, வேஷமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், எழுமலை

பதில்: பதவி போன பிறகு பாருங்கள்! உங்கள் மதுரை மாவட்டத்துத் தும்பைப்பட்டி கக்கன் 1957 முதல் 1967 வரை அமைச்சர். போலீஸ் இலாகாவே கையில் இருந்தது. பிற்காலத்தில் நோயில் விழுந்தபோது, மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண வார்டில்தான் கிடந்தார். அதே மருத்துவமனையில் இருந்த அரசியல்வாதி மதுரை முத்துவைப் பார்க்க வந்த முதல்வர் எம்.ஜி.ஆருக்கே அங்கே போய்த்தான் விஷயம் தெரிந்தது. படம் பிடிக்க ஆளே இல்லாத எளிமை அது! காந்தியும் 1921 செப்டம்பர் 22-ல் மதுரையில் ஏற்ற அரையாடையை, 1931-ல் லண்டன் அரண்மனைக்குப் போனபோதும் மாற்றவில்லை. நாற்று நட வருகிறவரிடம், "களையெடுக்க எப்போது வருவீங்க?" என்று கேளுங்கள்.