கடலோர மந்திரவாதிகளின் மேலான கவனத்துக்கு

பெறுநர்: விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிர்வாகத்தார், ரெண்டன், வாஷிங்டன் மாநிலம்.
பொருள்: கேரக்டர் ஷீட் தானாகவே திருந்திக்கொள்வது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் பிறந்த நாள் முதல், ஆடுபவர்களுக்குப் பூதங்களைவிடப் பெரிய தொல்லை கூட்டல் கழித்தல்தான். வலிமை 15 என்றால் பத்தைக் கழித்து, மீதியைப் பாதியாக்கி, அரையைத் தள்ளிவிட்டு +2 என்று எழுத வேண்டும். ஐந்தாம் லெவலில் தேர்ச்சிப் போனஸ் +2-இலிருந்து +3 ஆகும். அந்த ஒன்றை வாள்வீச்சு, பதுங்கல், நம் மந்திரத்திலிருந்து தப்ப எதிரி தொட வேண்டிய எண் என்று, கேரக்டர் ஷீட் எனும் வீரனின் விவரத்தாள் முழுக்கத் தேடித்தேடித் திருத்த வேண்டும். ஓரிடம் விட்டுப்போனால் வீரன் வாரக்கணக்கில் தப்புக் கணக்கிலேயே வாள் வீசுவான். இதையெல்லாம் நொடியில் முடிக்கும் டி அண்ட் டி பியாண்ட் இணையதளத்தைத் தங்கள் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோ 2022-இல் 14.63 கோடி டாலர் கொடுத்து வாங்கியது வீண்செலவு என்று எவரும் சொல்லத் துணியார்.

கணக்கு முடிந்த கையோடு தாங்கள் இன்னும் கொஞ்சம் உழைத்தீர்கள். 2024 ஆகஸ்டில், புதிய விதிநூலை ஒட்டி, ஷீட்களில் உள்ள பழைய மந்திரங்களையும் மாயப் பொருட்களையும் புதிய வடிவத்துக்கு மாற்றப்போவதாக அறிவித்தீர்கள். காயம் ஆற்றும் மந்திரத்துக்கு 2014 நூலில் எட்டுமுகப் பகடை ஒன்று, புதியதில் இரண்டு. கூடக் கிடைத்தால் கசக்குமா என்று எண்ணியிருப்பீர்கள். பழையதே வேண்டும் என்ற பிடிவாதக்காரர்களுக்கும் வழி வைத்தீர்கள்: காசு கொடுத்து வாங்கிய மந்திரத்தை அவர்களே சொந்தப் படைப்புகளுக்கான ஹோம்ப்ரூ பகுதியில் ஒவ்வொன்றாக உள்ளிட்டுக்கொள்ளலாம். டேட்டா என்ட்ரியை ஒழிக்க வந்த இயந்திரம் டேட்டா என்ட்ரி வேலை கொடுத்த அற்புதம் மந்திரவாதிகளால் மட்டுமே ஆகக்கூடியது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே முடிவைத் திரும்பப் பெற்றீர்கள், அதற்கு நன்றி. ஆனால் திரும்பப் பெற்றது முடிவைத்தான், அதிகாரத்தை அல்ல. போனஸ் என்பது ஆட்டக்காரர் எழுதியதிலிருந்து கிடைக்கும் விடை. அதை இயந்திரம் போடட்டும். எந்தப் பதிப்பின் மந்திரம் என்பதோ அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள் கூடி எடுத்த முடிவு. கூட்டல் போட வைத்த கணக்குப்பிள்ளை பத்திரத்தையே திருத்தலாமா?

புதிதாக வருபவர்கள் இரண்டு பதிப்பைப் பார்த்துக் குழம்புவார்கள் என்பீர்கள். நியாயம்தான், புதிதாகத் திறக்கும் ஷீட்டில் புதிய விதியையே முன்னால் வையுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் கதைக்கு நடுவில் கை வைக்காதீர்கள். இரண்டையும் பராமரிப்பது பெரும் சுமை என்பீர்கள். இப்போது பழையதற்கு 'லெகசி' முத்திரை குத்தி இரண்டையும்தான் வைத்திருக்கிறீர்கள். சர்வர் தீப்பிடித்ததாகச் செய்தி இல்லை. பிடிக்காதவர் காகிதத்துக்குப் போகட்டும் என்று சொல்வதாக இருந்தால், சந்தா வாங்குமுன் சொல்லியிருக்கலாம்.

2023 ஜனவரியில் விதிகளின் அடிப்படைப் பகுதியைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டீர்கள். இனி நீங்களே நினைத்தாலும் அதைப் பறிக்க முடியாது. அதே உறுதியைக் கேரக்டர் ஷீட்டுக்கும் தந்து, ஆட்டக்காரர் ஒப்புதல் இல்லாமல் அதில் ஓர் எழுத்தும் மாறாது என்று பயன்பாட்டு விதிமுறைகளில் ஒரு வரி சேர்க்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டக்காரர்