டிஷ்வாஷர் அடிநீர்: பரபக்கமும் சுபக்கமும்

டிஷ்வாஷரின் அடியில் தேங்கும் நீர் இருவகைத்து: இருக்க வேண்டிய நீர், இருக்கக் கூடாத நீர். ஃபில்டருக்குக் கீழே குழியில் சிறிதளவு நிற்பது முதல் வகை. ரப்பர் சீல் காய்ந்து போகாமல் காப்பது அதுவே. ஃபில்டருக்கு மேலே எழும்பி, மஞ்சள் நிறமும் சாம்பார் வாசமும் பெற்றிருப்பது இரண்டாம் வகை. இவ்வேறுபாடு அறியாமல் மெக்கானிக்கை வரவழைத்து விசிட்டிங் சார்ஜ் அழுதவர் பலர்.

இவ்வெந்திரத்துக்கு அமெரிக்காவின் ஜோசபின் காக்ரேன் 1886இல் காப்புரிமை பெற்றார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் எந்திர அமைப்புக்கும் நீடித்த உழைப்புக்கும் பரிசும் வாங்கினார். பரிசளித்த நடுவர்கள் புளிக்குழம்புச் சட்டியைக் கண்டிருக்க நியாயமில்லை.

முதலில் பரபக்கம், அதாவது பிறர் கொள்கைகளை மறுத்தல். நீர் வடியாமை பற்றி வீடுகளில் மூன்று கொள்கைகள் நிலவுகின்றன. “மோட்டார் போயிடுச்சு” என்பது குடும்பத் தலைவர் கொள்கை. சோபாவிலிருந்து எழாமலே நிறுவத்தக்கது என்பது இதன் சிறப்பு. ஆனால் தண்ணீரை வெளியேற்றும் நேரத்தில் அடியில் ‘உர்ர்’ என்ற ஒலி கேட்டால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. அதன் விசிறியிலோ நீர் போகும் வழியிலோ ஏதோ சிக்கியிருக்கலாம். ஒலியே இல்லையெனில் தலைவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். இதை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றச் சொல்வது வேதியியலார் கொள்கை. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, நுரை அடங்கியதும் வெறும் உப்புநீராகின்றன. அடைத்திருக்கும் கறிவேப்பிலை அசையாமல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

“அப்பவே சொன்னேன், நம்ம வீட்டுப் பாத்திரத்துக்கு இதெல்லாம் சரிப்படாதுன்னு” என்பது மாமியார் கொள்கை. மறுக்க முடியாதது, ஆகவே மேலே செல்வோம்.

இனி சுபக்கம், அதாவது நம் கொள்கை. குற்றம் பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. குனிய மனம் வராததே தடை. மின்சாரத்தைத் துண்டித்து, கீழ்த்தட்டை உருவி, நீரை மக்கால் மொண்டு, மீதியை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுக்க. ஃபில்டரைத் திருகிக் கழற்றினால் கிடைக்கும் தொல்பொருள்கள்: கடுகு, புளிநார், எலுமிச்சை விதை, கறிவேப்பிலையின் நடுநரம்பு, ஊறுகாய் பாட்டில் லேபிள். இவற்றுள் லேபிளே தலைமைக் குற்றவாளி. வெந்நீரில் பசை விட்டுப் போன தாள் வலைமேல் அப்பிக்கொண்டால் பம்ப் என்ன செய்யும்? பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுக.

அதற்கும் கீழே பம்ப் மூடி. உள்ளே உடைந்த கண்ணாடிச் சில்லு இருக்கக்கூடும் என்பதால் கையுறை அணிந்தே துழாவுக. விசிறி விரலுக்குச் சுழன்றால் அது குற்றமற்றது.

எஞ்சியது நீர் வெளியேற்றும் ஓஸ். எந்திரத்தைச் சுவரோடு தள்ளியபோது அது மடங்கியிருக்கலாம். சிங்க் மேடைக்கு அடியில் உயரமாக வளைத்துக் கட்டி, பிறகே கீழே இறக்க வேண்டும். தரையோடு கிடந்தால் சிங்க்கின் அழுக்குநீர் எந்திரத்துக்குள் விருந்தாளியாக வரும்.

இறுதிச் சோதனை வாளிச் சோதனை. ஓஸின் நுனியைச் சிங்க் குழாயிலிருந்து பிடுங்கி வாளிக்குள் வைத்து, எந்திரத்துக்குள் சிறிது நீர் ஊற்றி, மின்சாரத்தை மீண்டும் இணைத்து, நீர் வெளியேற்றும் பொத்தானை அழுத்துக. கொட்டினால் எந்திரம் நிரபராதி; அடைப்பு வீட்டுக் குழாயில். அதற்கு பிளம்பர் வேண்டும். “நாளைக்குக் காலையில வர்றேன்” என்று அவர் சொன்னால் வரமாட்டார் என்பதில் மூன்று கொள்கையாருக்கும் கருத்து வேறுபாடில்லை.