பொருந்தாது, பொறுத்துக்கொள்ளும்!

கே: வாரம் முழுக்க ஆபீஸ், எப்போதாவது ஒரு ஞாயிறு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக். இரண்டுக்கும் பொருந்துகிற வீல் அலைன்மென்ட் உண்டா?

ப: பொருந்துவது கிடையாது, இரண்டும் பொறுத்துக்கொள்வது உண்டு. முன் சக்கரங்களுக்கு கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சாய்வு; தலை உள்ளே சாய்ந்தால் மைனஸ்) மைனஸ் 1.5 முதல் 2 டிகிரி, டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) பூஜ்யம். இங்கிருந்து ஆரம்பியுங்கள்.

கே: ரேஸ் கார்கள் ஏன் காலை அகட்டிக்கொண்டு நிற்கின்றன?

ப: வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும். பாரத்தைத் தாங்கும் சக்கரமும் கூடவே சாய்ந்து, டயரின் வெளிவிளிம்பில் நிற்கும். முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்தால் வளைவில் டயர் முழுசாகப் படியும். நிற்கும்போது கோணல், திரும்பும்போது நேர்.

கே: ‘மைனஸ் கேம்பர் டயரைத் தின்றுவிடும்’ என்று பயமுறுத்துகிறாரே மெக்கானிக்?

ப: கேம்பர் கொறிக்கும், விழுங்குவது டோ. ஒரு சக்கரம் ஒரு டிகிரி திரும்பி நின்றால், கிலோமீட்டருக்குச் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே ஓடுகிறது. டோவை அடக்கி வையுங்கள், கேம்பரை மன்னிக்கலாம்.

கே: சக்கரங்களின் முன்பக்கம் வெளியே விரிகிற மாதிரி டோ அவுட் வைத்தால் ஸ்டீயரிங் சட்டென்று திரும்புமாமே?

ப: திரும்பும். நேர் ரோட்டிலும் திரும்பப் பார்க்கும்!

கே: ஸ்விஃப்ட் மாதிரி சின்னக் காரில் கேம்பரை மாற்றவே வழியில்லை என்கிறார்களே?

ப: கம்பெனி கொடுத்தபடி முன்னால் டோவை மட்டும்தான் திருகலாம். ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டுகளில் ஒன்றை எடுத்துவிட்டு கேம்பர் போல்ட் போட்டால் ஒரு டிகிரிக்குப் பக்கமாகக் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் கேம்பர் பிளேட். பின்னால் பீம் ஆக்ஸில். அதைச் சும்மா விட்டுவிடுங்கள்.

கே: வைத்த கேம்பர் சரிதானா என்று யாரைக் கேட்பது?

ப: டயரையே. வேகமாக ஓட்டிப் பிட்டுக்குள் வந்த சூட்டோடு உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றிலும் வெப்பம் அளக்கும் ஊசியைக் குத்திப் பாருங்கள். வெளியே அதிகச் சூடு என்றால் கேம்பர் போதாது. நடுவில் மட்டும் அதிகம் என்றால் காற்று கூடுதல். உள்ளே கொஞ்சம் அதிகமா? கையை எடுத்துவிடுங்கள், அதுதான் வேண்டியது.

கே: 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது. அலைன்மென்ட்தானே?

ப: நடுங்கினால் முதலில் வீல் பேலன்சிங். ஒரு பக்கமாக இழுத்தால் அலைன்மென்ட், அதுவும் காற்றைச் சரிபார்த்த பிறகு.

கே: ஓடும்போதே டோவை மாற்ற முடிந்தால் எப்படி இருக்கும்?

ப: மெர்சிடிஸ் செய்துவிட்டது. 2020-இல் அதன் ஃபார்முலா ஒன் காரில் ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளினால் முன் சக்கரங்களின் டோ மாறியது. 2021-இல் தடை வந்தது.

கே: கடையில் என்ன சொல்லி வேலை வாங்குவது?

ப: டிரைவர் சீட்டில் உங்கள் எடைக்குப் பாரம் வைக்கச் சொல்லுங்கள். கேம்பர் முதலில், டோ கடைசியில். கேம்பரைத் தொட்டால் டோ நகர்ந்துவிடும். கடைசியில் அலைன்மென்ட் மெஷினின் திரையில் எல்லாக் கட்டமும் பச்சையாக வந்தால் பணத்தை நீட்டாதீர்கள். பச்சை என்பது கம்பெனி சொன்ன அளவு. நீங்கள் கேட்டது கிடைத்திருந்தால் கேம்பர் கட்டம் சிவப்பாகத்தான் இருக்கும்!