ஆட்டம் இல்லாத காலத்து ஆட்டம்: எழுமலை டீக்கடை பெஞ்சை முன்வைத்து ஓர் ஆய்வு

கிரிக்கெட் எப்போது நடக்கிறது என்ற கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்டுவரும் விடை பிழையானது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். 2025ஆம் ஆண்டின் ஐ.பி.எல். மார்ச் 22இல் தொடங்கி, எல்லைப் பதற்றத்தால் நடுவில் ஒரு வாரம் நின்று, ஜூன் 3இல் முடிந்தது. 74 நாள், 74 ஆட்டம். எஞ்சிய 291 நாளையும் ஓய்வுக்காலம் என்று வாரியமும் தொலைக்காட்சியும் ஒருசேர அழைக்கின்றன. பேரையூர் வட்டத்து எழுமலைப் பேரூராட்சியின் டீக்கடை பெஞ்சை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் கணக்கு அப்படியே புரள்கிறது. அந்த 74 நாளும் பெஞ்சு ஓய்வில்தான் இருக்கும். எல்லார் கண்ணும் போனில். விக்கெட் விழுந்தால் ஒரு ‘போச்சுடா’, சிக்சர் போனால் ஒரு தொடைத்தட்டல், அதற்கு மேல் சிந்தனை கிடையாது. எந்த அணி யாரை விடப்போகிறது, யாருக்கு யாரை மாற்றிக்கொள்ளப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய பிறகுதான் வாதம், எதிர்வாதம், மேற்கோள், கோபம், கடன் டீ எல்லாம் தொடங்குகின்றன. ஆகவே வீரர் கைமாற்றக் காலமே மெய்யான பருவம். ஆட்டக்காலம் அதற்குச் சரக்கு சேர்த்துத் தரும் இடைவேளை. அஃது என்னையெனின், ஆட்டக்காலத்தில் பதினொருவர் ஆடுகிறார்கள். கைமாற்றக் காலத்தில்தான் ரசிகன் ஆடுகிறான்.

இந்த ஆட்டத்துக்கு வேண்டிய பயிற்சி இவ்வூராருக்கு எங்கிருந்து வந்தது என்பது அடுத்த வினா. பேருந்து நிலையத்துக்கே மாட்டுத்தாவணி என்று பெயர் நிலைத்துவிட்ட மதுரை மாவட்டம் இது. சந்தையில் மாடு கைமாறும் முறையை அறிந்தவர் ஐ.பி.எல். விதிப்புத்தகத்தைப் படிக்கவே தேவையில்லை. பல் பிடித்து வயது பார்ப்பது, சுழி பார்ப்பது, நடக்கவிட்டுப் பார்ப்பது, பிறகு தரகர் துண்டைப் போட்டு அதன் மறைவில் விரலைப் பிடித்து விலை பேசுவது, படிந்தால் அச்சாரம் கொடுப்பது: இவ்வளவுதான் நடைமுறை. 2025 நவம்பர் 15 அன்று ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கும், சஞ்சு சாம்சன் சென்னைக்கும் என்று அறிவிப்பு வந்தபோது, பெஞ்சு முதலில் எடுத்தது ஸ்டிரைக் ரேட்டை அல்ல, பல்லை. ஜடேஜாவுக்கு மூன்று வாரத்தில் 37 முடிகிறது. சாம்சனுக்கு 31 முடிந்து நான்கே நாள். “கடை சேந்த மாட்டக் குடுத்து ஆறு பல்லு புடிச்சிருக்காய்ங்கண்ணே” என்பது ஒரு தரப்பு. “ஆறு பல்லு உழுமா? நம்ம வண்டிக்குப் பழகுமா?” என்பது மறுதரப்பு. ராஜஸ்தானில் வெளிநாட்டு வீரர் எட்டு இடமும் நிரம்பிக் கிடந்ததால், கரனுக்குத் தொழுவத்தில் முதலில் இடம் காலி செய்யவேண்டியிருந்தது என்ற நுட்பமும் பெஞ்சுக்கு அத்துப்படி. அந்த ஆண்டுப் பட்டியலில் ராஜஸ்தான் ஒன்பதாவது, சென்னை பத்தாவது, அதாவது கடைசி. கடைசி இரண்டு பேர் தங்களுக்குள் மாற்றிக்கொண்ட சரக்குக்கு இத்தனை நாள் விசாரணை தேவையா என்று கேட்கலாம். விளைச்சல் இல்லாத வருஷத்தில்தான் சந்தை கூடுதலாகக் கூடும் என்பது விடை.

ஜடேஜாவின் வரலாறு இவ்வாய்வுக்கு அடிப்படைச் சான்று என்பதால் அதைச் சற்று விரித்துப் பார்ப்பது முறை. 2008இல் ராஜஸ்தான் கோப்பை வென்றபோது அவர் அந்த அணியின் பத்தொன்பது வயதுப் பையன். பின்னர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறிடத்தில் தானே பேசிப் பார்த்தார் என்பதற்காக 2010 பருவம் முழுவதும் தடை. 2011இல் கொச்சி. அந்த அணியும் ஓராண்டில் கலைந்தது. 2012 பிப்ரவரி ஏலத்தில் சென்னையும் டெக்கானும் கையிலிருந்த 20 லட்சம் டாலர் வரை ஏறி முட்டிக்கொண்டன. முட்டினால் என்ன செய்வது? ஆளுக்கொரு தொகையை ரகசியமாக எழுதிக் கொடுக்கவேண்டும். கூடுதலாக எழுதியவருக்கு ஆள். எழுதிய தொகை வாரியத்துக்கு. எவ்வளவு என்பது வெளியே வராது. இன்றுவரை வரவில்லை. கோட்டு சூட்டு போட்டவர்கள் பெங்களூரு நட்சத்திர விடுதியில் நடத்திய இந்தச் சடங்குக்கும் துண்டு மறைவில் விரல் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு, துணியின் விலை ஒன்றே. 2022இல் கேப்டன் பொறுப்பு ஜடேஜாவிடம் வந்து, பருவத்தின் நடுவிலேயே தோனியிடம் திரும்பியது. அதே ஆண்டு ஜூலையில் சென்னை அணி பற்றிய பதிவுகள் அவருடைய இன்ஸ்டாகிராமிலிருந்து மறைந்தன. பெஞ்சு அதைக் குடும்பச் சண்டையாகவே விசாரித்தது. 2023 இறுதியாட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டியிருக்க, ஒரு சிக்சர், ஒரு ஃபோர். வழக்கு தள்ளுபடி. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எந்த அணியை விட்டு விலகப் பார்த்ததற்காகத் தடை பெற்றாரோ, அதே அணிக்கு 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்து அவர் திரும்பியிருக்கிறார். மாடு விற்றவர் பழைய கயிற்றைத் தானே வைத்துக்கொள்வது வழக்கம்; எட்டாம் எண் மஞ்சள் சட்டையை எழுமலையில் எவரும் கழற்றாததை வேறெப்படி விளக்குவது?

இங்கே முதல் தடை எழும். பெஞ்சுக்காரருக்கு இதில் பங்கு உண்டா, பணம் உண்டா, கையெழுத்து உண்டா? எதுவும் இல்லாதவர் பேச்சு வெறும் பேச்சுதானே என்பர் மறுப்போர். இத்தடை சந்தையை அறியாதவர் எழுப்புவது. எந்தச் சந்தையிலும் வாங்குபவர் ஒருவர், விற்பவர் ஒருவர், சுற்றி நிற்பவர் முப்பது பேர். அந்த முப்பது பேரும் ‘இந்த விலைக்கா?’ என்று முகம் சுளித்தால் படிந்த பேரமும் கலையும். அணி நிர்வாகங்கள் கைமாற்றத்தை அறிவிக்கும்போது உருக்கமான நன்றிக் காணொளி ஒன்றையும் சேர்த்து வெளியிடுவது யாருக்காக? வீரருக்கு அவருடைய கதை தெரியும்; கணக்குப் பிள்ளைக்கு உருக்கம் தேவையில்லை. அது பெஞ்சுக்கு அனுப்பப்படும் சமாதானத் தூது. பெஞ்சு எல்லாவற்றுக்கும் விலை சொல்லும் என்று நினைத்துவிடவும் வேண்டாம். சர்வதேச ஆட்டத்தை விட்டு ஐந்தாண்டு ஆனவரை, நாட்டுக்கு ஆடாதவர் கணக்கில் சேர்க்கலாம் என்ற விதியால் 2025க்குத் தோனியை 4 கோடிக்கு வைத்துக்கொண்டது சென்னை. அது சரியா, அதிகமா, குறைவா என்ற விவாதம் எழுமலையில் எழவில்லை. கோயில் காளைக்கு எவரும் பல் பார்ப்பதில்லை.

இரண்டாம் தடை கனமானது. மனிதரை மாட்டோடு வைத்துப் பேசலாமா? இதைக் கேட்டுச் சிறப்பாகத் தோற்றவர் அமெரிக்க பேஸ்பால் வீரர் கர்ட் ஃபிளட். செயின்ட் லூயிஸ் அணிக்குப் பன்னிரண்டு பருவம் ஆடியவரை 1969 அக்டோபரில் ஒரு வார்த்தை கேட்காமல் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் மீதான உரிமை அணியை விட்டுப் போகாது என்ற விதி அங்கே அப்போது நடப்பில் இருந்தது. கயிறு எப்போதும் முளையில்தான். போகமாட்டேன் என்று டிசம்பர் 24 தேதியிட்டு ஆணையருக்குக் கடிதம் எழுதி, ஆண்டுக்கு 90 ஆயிரம் டாலர் சம்பளத்தை உதறி, உச்ச நீதிமன்றம் வரை போனார். 1972இல் ஐந்துக்கு மூன்று என்று தோற்றார். மூன்றாண்டு கழித்து வேறிரு வீரர்களின் வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் சொன்ன தீர்ப்பில்தான் அந்தக் கயிறு அறுந்தது. அறுந்ததன் பலனை 2023 டிசம்பரில் ஷோஹெய் ஒஹ்தானி அனுபவித்தார்: பத்தாண்டுக்கு 70 கோடி டாலர், அதில் 68 கோடியை 2034 முதல் வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம். அச்சாரம் மட்டும் கொடுத்து மாட்டை ஓட்டிப் போவது எழுமலைக்குப் புதிதல்ல. மாடே அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதுதான் புதிது. ஐ.பி.எல். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கைமாற்றத்துக்கு வீரரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஏலத்திலோ எந்தத் தொழுவம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. ஆக, இத்தடையில் பாதி நியாயம் உண்டு. அந்தப் பாதியைத் தீர்க்கவேண்டியது வாரியமே ஒழிய பெஞ்சு அல்ல.

மூன்றாவதாக ஒரு சில்லறைத் தடை: உசிலம்பட்டிச் சீமையின் ஆட்டம் கபடி ஆயிற்றே, அதை ஏன் ஆராயவில்லை? ஆராய்ந்தாயிற்று. 2022இல் 2.26 கோடிக்குத் தமிழ் தலைவாஸ் வாங்கிய பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு அந்தப் பருவத்தை இழந்தார். 2025இல் 59.5 லட்சத்துக்கு மறுபடி வந்து, ஒழுங்கு நடவடிக்கை என்று பருவத்தின் நடுவில் அனுப்பப்பட்டார். அவர் அதை மறுத்தார். கிரிக்கெட்டை விடச் சுவையான வழக்கு. ஆனால் கபடியில் பெஞ்சுக்காரருக்குத் தானே இறங்கி ஆடிய அனுபவம் இருக்கிறது. ஆடத் தெரிந்த விஷயத்தில் மனிதர் அடக்கமாகவே பேசுவார். மதுரைப் பெயர் தாங்கிய அணி டி.என்.பி.எல். கோப்பையை வென்றதும் (2018) பெஞ்சில் வழக்காகவில்லை. காரணம் ஆய்வுக்குரியது.

இனி, இப்போது பெஞ்சின் முன் நிலுவையில் இருக்கும் வழக்கு. 2025 டிசம்பர் 16, அபுதாபி ஏலம். கேமரன் கிரீனுக்குக் கொல்கத்தா சொன்ன விலை 25.20 கோடி, வெளிநாட்டவர் கைக்கு 18 கோடிதான் போகும், மீதி வாரியத்துக்கு என்பதைக் கேட்டுத் தரகு விகிதம் பற்றி ஒரு மாலை முழுக்க வியந்தார்கள். அதைவிடப் பெரியது சென்னை செய்த காரியம். ஜடேஜா போன இடத்துக்கு அதேபோல் இடக்கையால் சுழற்றி, அதேபோல் மட்டையும் வீசும் இருபது வயது பிரசாந்த் வீரை, இந்தியாவுக்கு ஓர் ஆட்டம்கூட ஆடாதவரை, 14.20 கோடிக்கு எடுத்தது. ஜடேஜாவுக்கு ராஜஸ்தான் போட்ட விலை 14. உழுத மாட்டைவிடக் கன்றுக்குட்டிக்கு இருபது லட்சம் ஏன் கூடுதல் என்பதே கேள்வி. கன்றுக்கு இன்னும் பல்லு போடவேண்டிய வருஷங்களின் விலை அது என்கிறது ஒரு கட்சி. தரகர் விரலைத் தப்பாகப் பிடித்துவிட்டார் என்கிறது இன்னொன்று.